துரு வரையும்போது மூச்சைக் கவனியுங்கள்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு போர் விளையாட்டுச் சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டிக் கொடுப்பது என் தொழில். 28 மில்லிமீட்டர் அளவுப் படைவீரர்கள், டாங்கிகள், கவச வண்டிகள். அனுப்புகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “புதுசு மாதிரி இருக்கக் கூடாது, சண்டைக்குப் போய்வந்த மாதிரி இருக்கணும்.” இந்த வெதரிங் வேலையைக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அடிப்படை வண்ணம் முடியும்வரை பெரிய பயம் இல்லை. தூரிகையால் பூசும் அக்ரிலிக் பெயிண்ட் தண்ணீரில் கரைவது. தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தை மட்டும் விட்டால் போதும். உருவத்தைப் பழசாக்கத் தொடங்கும்போதுதான் தூள், தின்னர், ஸ்பிரே எல்லாம் மேசைக்கு வருகின்றன. பலரும் அதே மேசை, அதே மின்விசிறி, அதே மூடிய அறை என்று தொடர்கிறார்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு ஒரு யோசனை வருகிறது. குதிரைமொழித் தேரியில் அத்தனை சிவப்பாய் மணல் கிடக்கிறதே, அதை இடித்துத் தூளாக்கினால் காசில்லாமல் துரு நிறம் கிடைக்குமே என்று. நிறம் அருமையாக வரும், உண்மைதான். தேரி மணலின் சிவப்பு இரும்பு ஆக்சைடு, துருவின் நிறமும் அதுவே. ஆனால் அந்தச் சிவப்பு வெறும் மேற்பூச்சு. உள்ளே இருப்பது குவார்ட்ஸ் மணி, அதாவது சிலிக்கா. மணலாகக் கிடக்கும்வரை அது மூச்சில் ஏறாது. இடித்து மாவாக்கினால் 10 மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள் கிளம்பும். அவற்றில் மிக நுண்ணியவை, சுமார் 4 மைக்ரானுக்குக் கீழே உள்ளவை, நுரையீரலின் காற்றுப் பைகள்வரை இறங்கித் தங்கிவிடும். கல்குவாரியில் வேலை செய்பவர்களைப் பிடிக்கும் சிலிகோசிஸ் இந்தத் தூசியால் வருவது. நுரையீரலில் விழுந்த அந்தத் தழும்பு திரும்ப ஆறாது.

தேரி நிறம்தான் வேண்டுமென்றால் இடிக்காதீர்கள். மணலை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு நன்றாகக் கலக்குங்கள். மணல் அடியில் இறங்கியதும் மேலே நிற்கும் செந்நீரை வேறு பாத்திரத்துக்கு மாற்றித் தெளியவிட்டால் மெல்லிய சேறு கிடைக்கும். அதைக் காயவிடாமல் மேட் மீடியத்தோடு (வண்ணத்தோடு கலக்கும், பளபளப்பில்லாத நிறமற்ற அக்ரிலிக் திரவம்) குழைத்துப் பூசுங்கள். கடையில் வாங்கும் பிக்மெண்ட் என்கிற நிறப் பொடிக்கும் இதே முறைதான்: மூடியைத் திறந்து தட்டாமல், ஈரத் தூரிகையால் தொட்டு எடுக்க வேண்டும். ரெசின் உருவத்தை உரசும்போதும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தே உரசுங்கள். பழைய வெள்ளை உலோக உருவங்களில் ஈயம் இருக்கலாம் என்பதால் அவற்றை அரம் போட்டபின் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது.

அடுத்தது தின்னர். “அண்ணாச்சி, இது வாசமில்லாதது, ஒண்ணும் செய்யாது” என்று புட்டியைக் காட்டுகிறார்கள். வாசத்தை எடுத்திருக்கிறார்களே தவிர ஆவியை எடுக்கவில்லை. மூக்கு எச்சரிக்காததால் இன்னும் நெருங்கி உட்கார்ந்து வேலை செய்வோம் என்பதே என் கவலை. எனாமல் வாஷுக்கு, அதாவது பள்ளங்களில் ஓடவிடும் நீர்த்த எனாமல் வண்ணத்துக்கு, பயன்படுத்தும் வெள்ளை ஸ்பிரிட்டில் பொதுவாகக் கிடைக்கும் வகை 40 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் தீப்பற்றும் ஆவியை விடும். அக்னி நட்சத்திரத்தில் நம்மூர் வெயில் அந்த அளவுக்கு வந்துவிடுகிறது. ஹார்டுவேர் கடையின் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னருக்கு வெயிலே வேண்டாம், சாதாரண அறை வெப்பம் போதும். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தங்கும். பாயில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் பக்கத்தில் கொசுவர்த்தி எரிகிறது, அடுத்த அறையில் விளக்கு ஏற்றியிருக்கிறது. நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. பெயிண்ட் பெயர்ந்த தோற்றம் கொடுக்கும் சிப்பிங்குக்கு ஹேர்ஸ்பிரே அடிப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். அந்த டப்பாவிலிருந்து தள்ளிக்கொண்டு வருவது பெரும்பாலும் சமையல் எரிவாயு வகைதான்.

ஆடிக்காற்று அடிக்கும் மாதங்களில் வெளியே பிரைமர், அதாவது முதல் பூச்சு ஸ்பிரே, அடிக்க முடியாது, புழுதி ஒட்டிக்கொள்ளும். அதற்காக ஜன்னலை அடைத்துக்கொண்டு அறைக்குள் அடிப்பதைவிட வேலையைத் தள்ளிப் போடுவது நல்லது. கொரோனா காலத்தில் வாங்கிவைத்த முகக்கவசம் இதற்கு உதவாது. என்95 நுண்துகள்களைத் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. ஆவிக்குக் கரி வடிகட்டி உள்ள ரெஸ்பிரேட்டர் வேண்டும். காட்மியம் என்னும் நச்சு உலோகம் கலந்த ஓவிய வண்ணங்களை, வண்ணத்தைத் தூவலாக அடிக்கும் ஏர்பிரஷில் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

இவ்வளவும் சொன்னதால் வெதரிங்கையே விட்டுவிட வேண்டியதில்லை. மிக நம்பகமான தேய்மானம் நுரைப்பஞ்சுத் (ஸ்பாஞ்ச்) துண்டிலேயே வந்துவிடும். கரும்பழுப்பு அக்ரிலிக்கைத் தொட்டு, தாளில் ஒற்றி, ஏறக்குறைய காய்ந்த பஞ்சால் விளிம்புகளில் மெல்லத் தட்டுங்கள். எங்கே தட்டுவது என்பதற்குத் தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் நிற்கும் லாரிகளைப் பாருங்கள். கால் வைத்து ஏறும் படியும், கை பிடிக்கும் கம்பியும், கதவு விளிம்பும்தான் முதலில் தேய்கின்றன. நடுத்தகட்டில் பெயிண்ட் அப்படியே இருக்கும். உப்புக்காற்றில் நிற்கும் வண்டியில் துரு போல்ட்டில் பிறந்து நேர்கீழாக வழிந்திருக்கும், பக்கவாட்டில் போகாது.

அந்த வழிசலுக்கும் எனாமல் தேவையில்லை. உருவத்துக்கு மேட் வார்னிஷ் கொடுத்துக் காயவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் போஸ்டர் கலரில் காவியும் பழுப்பும் கலந்து, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்துக் கோடு இழுங்கள். காய்ந்தபின் ஈரத் தூரிகையால் கீழ்நோக்கி இழுத்தால் மறுபடி கரைந்து மங்கும். திருப்தி வந்ததும் மேலே இன்னொரு வார்னிஷ். வாடிக்கையாளர் குறிப்பாகக் கேட்டால் ஒழிய நான் இப்போது இதையே செய்கிறேன்.

எண்ணெய் வண்ணம் பயன்படுத்துகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காயும்போது தானே சூடாகும், சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொள்ளக்கூடும். விரித்து வெளியே காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். அழுக்கான தின்னரைச் சாக்கடையில் கொட்டினால் அது தாமிரபரணிக்குத்தான் போய்ச் சேரும். மூடிய புட்டியில் வைத்தால் வண்ணம் அடியில் தங்கிவிடும், மேல்தெளிவை மறுபடி பயன்படுத்தலாம். புட்டியின் மேல் பெயரை எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்கவே கூடாது.