கெல்வினைக் குறைத்தால் படம் ஏன் நீலமாகிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பழுக்கக் காய்ச்சிய இரும்பு குறைந்த சூட்டில் சிவப்பாகவும், சூடு ஏற ஏற வெண்மையாகவும் ஒளிரும் என்று பள்ளியில் படித்தோம். என் கேமராவில் ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினுக்கு இறக்கினால் படம் நீலமாகிவிடுகிறதே, எது சரி?”

இரண்டுமே சரி. சினிமாவில் பார்க்கும் கனத்த, இருண்ட நீலத்தைக் கணினியில் உட்காராமல் கேமராவிலேயே கொண்டுவர நினைப்பவர்களுக்கும் இந்தக் கேள்வியில்தான் விடை இருக்கிறது.

மெழுகுவர்த்திச் சுடர் சுமார் 1900 கெல்வின், பழைய இழை பல்பு 2800, நண்பகல் வெயில் 5500. நிழலில் விழும் நீல வானத்து ஒளி 10000-ஐயும் தாண்டும். இவை ஒளியின் நிறவெப்பநிலைகள்; அதாவது, சூடேறி ஒளிரும் ஒரு பொருள் எந்தச் சூட்டில் அந்த நிறத்தைக் காட்டுமோ அந்தச் சூட்டின் எண். ஆனால் கேமராவின் ஒயிட் பேலன்ஸில் நாம் வைக்கும் எண், இந்த நிறத்தைப் படத்தில் பூசு என்ற கட்டளை அல்ல. இங்கே விழும் ஒளி இப்படிப்பட்டது, அதன் சாயத்தை நீக்கிவிடு என்கிற தகவல்.

நீக்குவது எப்படி என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த இடம். கேமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாருக்கு நிறம் தெரியாது; ஒளியின் அளவு மட்டுமே தெரியும். அதனால் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என ஒரு குட்டி வடிகட்டி இருக்கிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. பாதிப் புள்ளிகள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம்.

ஒரு வெள்ளைத் தாளைப் பல்பு வெளிச்சத்தில் படம் எடுக்கிறோம். எளிமைக்காக, சென்சாரில் சிவப்பு 150, பச்சை 100, நீலம் 40 என்று பதிவாவதாக வைத்துக்கொள்வோம். தாள் வெள்ளையாகத் தெரிய மூன்றும் சமமாக வேண்டும். பல்பு என்று சொல்லிவிட்டால் கேமரா சிவப்பை மூன்றில் இரண்டால் பெருக்கும், நீலத்தை 2.5-ஆல் பெருக்கும். மூன்றும் 100 ஆகிவிடும். ஒயிட் பேலன்ஸ் என்பது அடிப்படையில் இந்த இரண்டு பெருக்கல்கள்தான்!

இப்போது கேமராவில் பல்பு என்பதை மாற்றாமலே வெயிலுக்கு வாருங்கள். அங்கே தாள் 100, 100, 100 என்று சமமாகவே பதிவாகிறது. கேமரா நம் பேச்சை நம்பி அதே பெருக்கலைப் போடுகிறது: 67, 100, 250. இல்லாத ஆரஞ்சை நீக்கப் போய் நீலத்தைக் கொட்டிவிட்டது.

திரைப்பட ஒளிப்பதிவாளர்கள் ஃபிலிம் காலத்திலேயே இதைச் செய்தார்கள். 3200 கெல்வினுக்கான ஃபிலிமைப் பகலில், திருத்தும் ஆரஞ்சு வடிகட்டி இல்லாமல் ஓடவிட்டு, எக்ஸ்போஷரையும், அதாவது ஃபிலிமில் விழும் ஒளியின் அளவையும், குறைத்தால் பகல் காட்சி இரவாகிவிடும்.

இதில் ஒரு விந்தை உண்டு. உண்மையான நிலவொளி நீலமே அல்ல. நிலா அனுப்புவது சூரிய ஒளியைத்தான், அதுவும் சற்றே செம்மை கூடி, ஏறத்தாழ 4100 கெல்வினில். பிறகு மங்கிய நீலம் நமக்கு ஏன் இரவாகப் படுகிறது? செக் அறிஞர் புர்கின்யே 1825-இல் எழுதி வைத்த ஒரு விஷயம் இதற்குக் கைகொடுக்கிறது: வெளிச்சம் மங்கும்போது சிவப்புப் பொருட்கள் முதலில் கறுத்துப்போகும், நீலப் பொருட்கள் துலக்கமாக நிற்கும். நம் கண்ணில் பகலில் வேலை செய்யும் கூம்பு செல்கள் 555 நானோமீட்டர் அலைநீளத்துக்கு (பச்சைக்கு) அருகே கூர்மையாகப் பார்க்கின்றன; இருளில் பொறுப்பேற்கும் குச்சி செல்களின் உச்சம் 500 பக்கம், அதாவது நீலத்தை நோக்கி நகர்ந்திருக்கிறது. விடியற்காலையில் பூக்களின் நிறம் மாறுவதை ஒருவர் பொறுமையாகக் கவனித்ததால் கிடைத்த அறிவு இது. உடனடிப் பயன் என்ன என்று கேட்டுத்தான் ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவோம் என்பவர்களிடம் நான் எப்போதும் இதைச் சொல்வேன்.

சரி, கேமராவுக்கு வருவோம். இரண்டு ஆட்டோக்கள் நமக்கு எதிராக வேலை செய்கின்றன. ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்தியின் நீலத்தைத் துடைத்துவிடும். ஆட்டோ எக்ஸ்போஷர் இருட்டைச் சாம்பல் நடுநிலைக்குத் தூக்கிவிடும். முதலாவதை நிறுத்திவிட்டு கெல்வினை நீங்களே வையுங்கள். இரண்டாவதற்கு ஆட்டோ தேர்ந்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க உதவும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனில் ஒரு ஸ்டாப் குறையுங்கள். சென்சாரில் விழும் ஒளி பாதியாகும். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பெருக்கப்பட்ட நீலம்தான் முதலில் உச்சவரம்பை முட்டி, வானத்தைத் தட்டையாக்கும். ஒரு ஸ்டாப் குறைத்தால் அதற்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். கேமராவின் படத் தோற்ற அமைப்பான பிக்சர் புரொஃபைலில் சேச்சுரேஷனை (நிறங்களின் அடர்த்தியை) கொஞ்சம் தணித்தால் போதும், மற்றதைத் தொட வேண்டாம்.

அந்தி நேரத்தில் ஜன்னலோரம், உள்ளே பல்பு எரிய, ஒரு முகத்தை 4000 கெல்வினில் எடுத்துப் பாருங்கள். வானம் 4000-க்கு மேலே இருப்பதால் நீலமாகும். பல்பு கீழே இருப்பதால் ஆரஞ்சாகவே நிற்கும். மனிதத் தோல் எந்த நிறமானாலும், மெலனினும் ஹீமோகுளோபினும் சேர்ந்து அதை ஆரஞ்சுப் பக்கமே வைக்கின்றன. விலை கொடுத்து வாங்கும் பிரீசெட்டுகள் (படத்தின் நிறத்தை மாற்றும் ஆயத்த அமைப்புகள்) பலவும் தேடும் நீலம்-ஆரஞ்சு மோதல் ஒரே எண்ணில் வந்துவிடுகிறது. அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுத்தால் பெருக்கலைப் பிறகும் மாற்றிக்கொள்ளலாம். கேமராவே முடித்துத் தரும் ஜேபெக் படத்தில் அது படத்தோடு இறுகிவிடும். ஆகவே ஒரேயடியாக 3200-க்குப் போகாமல் 4500-இலிருந்து மெல்ல இறங்குங்கள். கீழே போகப் போக ஒவ்வொரு 500-உம் அதிக எடையுள்ளது. ஒளிப்பதிவாளர்கள் பத்து லட்சத்தைக் கெல்வினால் வகுத்து வரும் மைரெட் என்ற அளவில் நிற மாற்றத்தைக் கணக்கிடுவார்கள். அதன்படி 8500-இலிருந்து 8000-க்கு இறங்குவது சுமார் 7 மைரெட் மாற்றம். 3500-இலிருந்து 3000-க்கு இறங்குவதோ கிட்டத்தட்ட 48.