புழு கடிச்சதும் செடி பிரேக்கைத்தான் உடைக்குது

தக்காளிச் செடில ஒரு இலைய பூச்சி கடிச்சா போதும், பூச்சி பக்கத்துலயே போகாத மத்த இலைலயும் ஒரு புரோட்டீன் சேர ஆரம்பிச்சிடும், அது பூச்சியோட குடல்ல இருக்குற செரிமான என்சைம வேலை செய்ய விடாம தடுக்கும், அதனால தின்னது ஒழுங்கா செரிக்காது. 1972லயே வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டில கிளாரன்ஸ் ரயனும் அவரோட கூட வேலை செஞ்சவரும் இத எழுதிட்டாங்க.

சரி, நரம்பே இல்லாத செடில சேதி எப்படி போச்சு? கடிபட்ட செல்லுல இருந்து குளூட்டமேட் வெளிய கசியுது. நம்ம மூளைல நரம்பு செல்லெல்லாம் சேதி கடத்துறதுக்கு வச்சிருக்குற அதே பொருள்தாங்க! அதப் பிடிக்கிற ரிசெப்டர் செடிலயும் இருக்கு. அது தூண்டப்பட்டதும் கால்சியம் அலை ஒன்னு கிளம்பி இலை நரம்பு (நம்ம நரம்பு மாதிரி இல்ல, தண்ணியும் சத்தும் போற குழாய்) வழியா செகண்டுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வேகத்துல ஓடுது. 2018ல டொயோட்டா, கில்ராய்ங்குற ஆராய்ச்சியாளர்களோட டீம் அராபிடாப்சிஸ்னு ஒரு கடுகுக் குடும்பத்துச் செடில இத வீடியோவாவே எடுத்தாங்க, கால்சியம் ஏறுற இடம் பளிச்சுனு ஒளிர்ற மாதிரி செடிய மாத்தி வச்சிருந்தாங்க, புழு கடிச்ச இடத்துல வெளிச்சம் கிளம்பி அடுத்த இலைக்குப் பரவுறத கண்ணால பார்க்கலாம்.

அலை போய்ச் சேர்ந்த இலைல ஜாஸ்மோனிக் ஆசிட்ங்குற ஹார்மோன் உருவாகுது. நம்ம ஊர் பிச்சிப்பூ, அதான் ஜாதிமல்லி, அதோட வாசனை எண்ணெய்ல இருந்துதான் 1962ல இதோட நெருங்கின சொந்தத்த முதல்ல பிரிச்சு எடுத்தாங்க, பேரும் அப்படி வந்ததுதான். ஐசோலூசின்ங்குற அமினோ ஆசிட் ஒன்னு ஒட்டினாத்தான் இந்த ஹார்மோன் வேலைக்கு ஆகும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுக்கு அப்புறம் நடக்குறதுதான். ஹார்மோன் வந்து சுவிட்ச் போடுதுன்னுதான் நிறைய பேர் நினைக்கிறோம். ஆனா எதிர்ப்பு ஜீன்கள கிளப்பி விடுற எம்ஒய்சி2ங்குற புரோட்டீன் எப்பவுமே ரெடியாத்தான் இருக்கு, அது மேல ஜாஸ்னு இன்னொரு புரோட்டீன் உக்காந்து அமுக்கி வச்சிருக்கு, அதுதான் பிரேக். இந்த ஹார்மோனப் பிடிக்கிற ரிசெப்டர் பேரு சிஓஐ1. அதுல ஒரு குழி இருக்கு, ஹார்மோன் அங்க போய் உக்காரும், ஆனா சிஓஐ1 தனியா இருந்தா ஹார்மோன் சரியா ஒட்டாது, ஜாஸோட ஒரு துண்டு வந்து மேல மூடணும். அதாவது எத அழிக்கணுமோ அதுவே ரிசெப்டர்ல பாதி! 2010ல கிரிஸ்டல் எடுத்துப் பார்த்தப்ப இந்த அமைப்பு தெளிவா தெரிஞ்சுது. மாட்டின ஜாஸ் மேல யூபிக்விட்டின்ங்குற குட்டி புரோட்டீன் 'இத அழி'ங்குற அடையாளமா ஒட்டும், செல்லுல புரோட்டீன நறுக்குற மெஷினான புரோட்டியசோம் அத நறுக்கித் தள்ளும், எம்ஒய்சி2 விடுபட்டு வேலைய ஆரம்பிக்கும். அது கிளப்புற ஜீன்கள்ல ஜாஸ் ஜீனும் உண்டு, அதனால பிரேக் திரும்பவும் வந்துடும். இந்த எதிர்ப்பெல்லாம் ஓடிட்டே இருந்தா வளர்ச்சி அடிபடும், அதனால நிறுத்துறதும் முக்கியம்.

சூடோமோனாஸ் சிரிஞ்சேன்னு ஒரு பாக்டீரியா இருக்கு, அதுக்கு இந்தக் குழி நல்லாவே தெரியும். அந்த ஹார்மோன் மாதிரியே இருக்குற கொரோனடைன்ங்குற பொருள தானே தயாரிச்சு உள்ள விடுது. பூச்சியே வராத செடில பூச்சிக்கான எதிர்ப்பு கிளம்பிடும், பாக்டீரியாவ எதிர்க்குற, சாலிசிலிக் ஆசிட்ங்குற இன்னொரு ஹார்மோனோட பாதை அடங்கிடும். பாக்டீரியா வருதுன்னு இலை மூடி வச்ச ஸ்டொமேட்டாவும், அதாவது இலைல இருக்குற குட்டித் துளைகளும், திரும்பத் திறக்கும், அது வழியாவே பாக்டீரியா உள்ள போகுது.