வாடிய பூவரச இலை ஏன் ஊமையாகிறது?

கடந்த கோடை விடுமுறையில் வேலூர்ப் பிள்ளைகள் இருபது பேரை ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் அருகே இரண்டு நாள் முகாமுக்கு அழைத்துச் சென்றோம். இலை, ஓலை, குச்சி, கூழாங்கல் ஆகியவற்றைக் கொண்டு விளையாட்டுப் பொருள்களைத் தாங்களே செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. பனையோலைக் காற்றாடியும் நுங்கு வண்டியும் எளிதாக முடிந்துவிட்டன. பீப்பீ செய்வதற்காகப் பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் காலை ஆறு மணிக்கே பூவரச இலைகளைக் காம்போடு பறித்துத் துணிப்பையில் எடுத்துக்கொண்டோம். வண்டியில் ஏறியதும் சுருட்டி ஊதிய இலைகள் எல்லாம் காது அடைக்கும்படி ஒலித்தன. பிற்பகலில் மலையில் அதே பையிலிருந்து எடுத்துச் சுருட்டியவையோ ஒன்றுகூட ஒலிக்கவில்லை. கன்னம் உப்ப ஊதியும் காற்று வெளியே வராததைக் கண்ட ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "காலைல நல்லா கத்துச்சே சார், இப்ப ஏன் ஊமையாயிடுச்சு?" என்று கேட்டாள்.

செய்முறையை நம்மில் பலர் அறிவோம். முற்றியும் முற்றாத இலையாகப் பார்த்து, காம்பைக் கிள்ளிவிட்டு, ஒரு ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டி, ஒரு முனையை விரலால் அழுத்தித் தட்டையாக்கினால் பீப்பீ தயார். அந்தத் தட்டை முனையில் எதிரெதிராக நிற்கும் இரண்டு இலை விளிம்புகளை இதழ்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒலி பிறப்பது அவற்றுக்கிடையே உள்ள, நூல் நுழையும் அளவேயான இடுக்கில்தான்.

ஊதும்போது வாய்க்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் இதழ்களை வெளிப்புறமிருந்து நெருக்குகிறது. இடுக்கின் வழியே விரைந்தோடும் காற்றிலோ அழுத்தம் குறைகிறது. இது டேனியல் பெர்னூலி 1738இல் வெளியிட்ட நூலில் விளக்கிய உறவு. வெளியே மிகுதி, உள்ளே குறைவு என்பதால் இதழ்கள் மூடிக்கொள்கின்றன. மூடியவை மீண்டும் திறப்பது எப்படி என்பதுதான், எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம்.

இதழ்கள் மூடியதும் காற்றோட்டம் திடீரென அறுபடுகிறது. அதனால் குழலுக்குள் அழுத்தம் குறைந்த ஓர் அலை பிறந்து மறுமுனையை நோக்கி, நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. திறந்த முனையைத் தொட்டதும் அது வந்த வழியே திரும்புகிறது. ஆனால் திரும்பும்போது தலைகீழாகி, அழுத்தம் மிகுந்த அலையாக வருகிறது. வந்த அலை இதழ்களை உள்ளிருந்து தள்ள, வளைந்து நிற்கும் இலையின் விறைப்பும் சேர்ந்துகொள்ள, இடுக்கு திறக்கிறது. உடனே ஒரு காற்றுத் துளி உள்ளே பாய்ந்து, மிகுந்த அழுத்தத்தோடு புறப்பட்டு, மறுமுனையில் குறைந்த அழுத்தமாக மாறித் திரும்பி இதழ்களை மூட உதவுகிறது. ஊஞ்சல் திரும்பிவரும் நேரம் பார்த்துத் தள்ளுவதைப் போல, குழல் தன் இதழ்களைத் தானே உரிய நேரத்தில் தள்ளியும் இழுத்தும் ஆட்டிக்கொண்டிருக்கிறது. இது நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை நடப்பதையே நாம் 'பீ' என்று கேட்கிறோம். பீப்பீயின் மேல் இன்னோர் இலையைச் சுற்றி நீளமாக்கினால் அலை போய்வரக் கூடுதல் நேரம் எடுப்பதால் ஒலியின் சுருதி தணிகிறது.

இதழ்கள் மூடிய நிலையிலும் வாயின் அழுத்தம் அவற்றை நெருக்கிக்கொண்டேதான் இருக்கும். அதை எதிர்த்து நிற்க இலைக்கு விறைப்பு வேண்டும். மிகவும் பலமாக ஊதினால் நல்ல பீப்பீயும் அடைத்துக்கொள்வது இதனால்தான். விறைப்பு குறைந்துவிட்டால் மெல்லிய மூச்சுகூட இதழ்களை ஒட்டவைத்துவிடும்.

இலைக்கு விறைப்பைத் தருவது பெரும்பாலும் நீர்தான். உயிரணு ஒவ்வொன்றும் சவ்வூடு பரவலால் நீரை உறிஞ்சி உப்புகிறது. எளிதில் நீளாத செல்லுலோஸ் சுவர் அதைத் தடுக்கிறது. நன்கு நீர் பெற்ற இலையின் உயிரணுக்களுக்குள் உள்ள அழுத்தம் பெரும்பாலும் கார் டயரில் உள்ளதைவிட அதிகம். வேலூரின் மே மாத வெயிலில், பறித்த இலை இழந்த நீரை எங்கிருந்து ஈடுகட்டும்? டியூபில் காற்று இறங்குவதுபோல உயிரணுக்கள் தளர்ந்துவிட்டன.

நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் பகுதியான சீவாளியும் இரண்டு இதழ்கள் கொண்டதே. ஆனால் அது கொறுக்கை என்ற நாணல் வகையின் காய்ந்த தட்டையால் ஆனது. கலைஞர்கள் அதை எச்சிலால் நனைப்பது விறைப்பைக் கூட்டுவதற்கு அன்று, இளக்குவதற்கு. ஒரே நீர் உயிருள்ள இலையில் ஒன்றையும், காய்ந்த தட்டையில் அதற்கு நேர்மாறானதையும் செய்கிறது. சி.வி. ராமன் 1920இல் மிருதங்கத்தின் ஒலியை ஆராய்ந்து எழுதினார். சீவாளி செய்யும் கைவினைஞர்களின் அறிவையும் அதே அக்கறையோடு இயற்பியலாளர்கள் பதிவு செய்ய அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு நல்ல அதிவேகக் கேமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் இருந்தாலே அந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.

சிறுமியின் கேள்விக்கு வாயால் விடை சொல்வதை விட்டு, மீதி இலைகளின் காம்பு நுனிகளைப் புதிதாக நறுக்கி, ஒரு வாளித் தண்ணீரில் நிற்கவைத்து ஈரத் துணியால் மூடினோம். மாலையில் துணியை விலக்கியபோது, ஓரம் கருகியவை தவிர மற்றவை நிமிர்ந்திருந்தன. அவள் ஒவ்வோர் இலையையும் காதருகே வைத்து வளைத்துப் பார்த்து, வளைத்தவுடன் விருட்டென்று திரும்பியவற்றை மட்டும் தனியே எடுத்துவைத்த பிறகே சுருட்டத் தொடங்கினாள்.