பேட்டரியை மாற்றுவதற்கு முன் ஒயரைப் பாருங்கள்

சிறு மீன்பிடிப் படகுகளின் மின்னிணைப்புகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். "பேட்டரி போய்விட்டது, புதிதாக எதை வாங்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் படகைக் காட்டச் சொல்வது வழக்கம். அப்படி வந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளில் மூன்றாவது பேட்டரியைப் பொருத்தியிருந்தார். ஆனாலும் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஓடத் தொடங்கியதும் மீன் காட்டும் கருவி அணைந்துவிடுவதாகச் சொன்னார். பம்பை ஓடவிட்டு மல்டிமீட்டரை வைத்தபோது பேட்டரி முனையில் 12.5 வோல்ட் இருந்தது. அதே ஒயரில் கிளை பிரித்து அணியத்தில், அதாவது படகின் முன்பகுதியில், இணைத்திருந்த மீன் காட்டும் கருவியின் முனையில் 9.8 வோல்ட்தான் இருந்தது. ஒயரின் உறையை ஒரு விரலளவு சீவிப் பார்த்தேன். செம்பு இழைகள் கரியாகக் கறுத்து, நகம் பட்டதும் பொடியாக உதிர்ந்தன.

கட்டடங்களுக்கான ஒயரைப் படகில் இழுத்தால் இதுதான் நடக்கும். உப்புக் காற்றின் ஈரம் வெட்டிய முனை வழியாக உறைக்குள் ஏறி, வெறும் செம்பை உள்ளேயே அரித்துவிடுகிறது. வெளியே பார்த்தால் ஒயர் புதிதுபோலவே இருக்கும். எனவே படகுக்கு வெள்ளீயம் பூசிய, பல மெல்லிழைகள் கொண்ட செம்பு ஒயரே வேண்டும்; ஒற்றைக் கம்பி ஒயர் என்ஜின் அதிர்வில் முறிந்துவிடும். தடிமனைக் கணக்கிடும்போது மின்னோட்டம் போகும் தூரத்தோடு திரும்பி வரும் தூரத்தையும் சேர்க்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி 10 ஆம்பியர் இழுக்கும் பம்ப் இருந்தால் ஒயரின் நீளம் 10 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஏறத்தாழ 0.7 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும், 6 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 0.3 வோல்ட்தான் குறையும்.

இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றுவதை நான் எங்கு கண்டாலும் வெட்டிவிடுகிறேன். ஒயர் முனையில் மாட்டும் உலோகக் காதான லக்கைத் தகுந்த அளவில் எடுத்து, அதற்குரிய கருவியால் அழுத்தி இறுக்கி (கிரிம்ப் செய்து), சூடாக்கினால் உள்ளே பசை உருகி ஒட்டும் உறையால் மூடுவதே நிலைக்கும். ஃபியூஸ் காப்பது முதலில் ஒயரைத்தான் என்பதால், அதைப் பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில், 7 அங்குலத்துக்குள் வைக்க முயல வேண்டும். நேர்முனையும் எதிர்முனையும் தவறுதலாகத் தொட்டுக்கொண்டால் ஒரு 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஆயிரம் ஆம்பியருக்கு மேல் கொட்டக்கூடியது (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கினால் வருவது ஆம்பியர்-மணி; பேட்டரியின் கொள்ளளவை அதில்தான் சொல்வார்கள்). ஃபியூஸுக்கு முன்னால் உள்ள ஒயர் அந்தச் சமயத்தில் அடுப்புக் கம்பிதான். தண்ணீர் ஏறினால் தானாக ஓட வேண்டிய பம்பின் மிதவை சுவிட்சை மட்டும், மெயின் சுவிட்சைத் தாண்டி, தனி ஃபியூஸோடு நேரடியாகப் பேட்டரியில் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கரையேறிய இரவில் படகு மூழ்கும்போது பம்ப் சும்மா இருக்கும்.

ஒயர் சரியான பிறகே பேட்டரியைப் பற்றிப் பேசலாம். என்ஜினைக் கிளப்பும் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. சில நொடிகளுக்குப் பெரும் மின்னோட்டத்தைத் தரும், ஆனால் இரவு முழுவதும் விளக்கெரித்து அடிக்கடி காலியாக்கினால் விரைவில் கெடும். விளக்குக்கும் கருவிகளுக்கும் தடித்த தகடுகள் கொண்ட டீப் சைக்கிள் பேட்டரி வேண்டும். இடமிருந்தால் இரண்டையும் தனித்தனியே வைப்பதையே நான் வற்புறுத்துகிறேன். காலையில் கரை திரும்பக் கிளப்பும்போது மின்சாரம் இல்லாமல் போவது வேறெந்தப் பழுதையும்விட மோசமானது.

அளவை ஊகிக்காமல் கணக்கிட வேண்டும். வேலை விளக்கு 3 ஆம்பியர் வீதம் 6 மணி நேரம், வழி விளக்குகள் 1 ஆம்பியர் வீதம் 10 மணி நேரம், மீன் காட்டும் கருவி 1 ஆம்பியர் வீதம் 8 மணி நேரம், ரேடியோவுக்கும் பம்புக்கும் சேர்த்து 7 என்று வைத்தால் மொத்தம் 43 ஆம்பியர்-மணி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் இருந்தால்தான் அது நீடிக்கும் என்பதால், இந்தப் படகுக்கு 100 ஆம்பியர்-மணி தேவை.

எடுத்த 43-ஐத் திருப்பிப் போடுவது யார்? படகின் பின்னால் வெளியே மாட்டும் சிறிய அவுட்போர்டு என்ஜின் முழு வேகத்தில் 6 ஆம்பியர் கொடுத்தால், இரண்டு மணி நேர ஓட்டத்தில் 12 கிடைக்கும். மெதுவாக ஓடினால் அதுவும் இல்லை. மிச்சத்தைக் கரையில் சார்ஜர் தர வேண்டும். ஈய-அமில பேட்டரி 80 சதவீதம் வரை விரைவாக ஏறும். கடைசி 20 சதவீதத்துக்கு மின்னோட்டம் சிறுகச் சிறுகக் குறைந்து பல மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு நடுவிலேயே கழற்றுகிறவர்களின் பேட்டரியில் தகடுகளின் மேல் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுக் கொள்ளளவு குறைகிறது. சார்ஜரும் சுமையும் இல்லாமல் சில மணி நேரம் வைத்த பிறகு 12.7 வோல்ட் காட்டினால் முழுமை, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி, 11.9 என்றால் கிட்டத்தட்டக் காலி.

திறந்த வகை பேட்டரிக்குச் சார்ஜ் முடிந்த பிறகு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முன்பே ஊற்றலாம். சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். அது மேலே எழும் வாயு என்பதால் பேட்டரிப் பெட்டியின் மேற்பகுதியில் காற்று வெளியேற வழி இருக்க வேண்டும்; முனைகளைக் கழற்றுவதற்கு முன் சார்ஜரை அணைத்துவிட வேண்டும். கழற்றும்போது எதிர்முனை முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எடையில் பாதிக்கும் குறைவு, 80 சதவீதம் வரை தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் பழைய பேட்டரியைக் கழற்றிய இடத்தில் அப்படியே இதை மாட்டக் கூடாது. இது மின்சாரத்தை ஆவலோடு இழுப்பதால் என்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் சிறிய ஆல்டர்னேட்டர் சூடேறி எரியலாம். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று திடீரெனத் துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் போகலாம். இடையில் மின்னோட்டத்தை அளவோடு விடும் ஒரு டி.சி.-டி.சி. சார்ஜரும், கரையில் இதற்கென்றே அமைந்த சார்ஜரும் தேவை.

அந்தப் படகில் 6 சதுர மில்லிமீட்டர் ஒயரைப் பம்புக்கும், கருவிக்குத் தனி ஒயரையும் இழுத்தோம். பம்ப் ஓடும்போதும் கருவியின் முனையில் 12.3 வோல்ட் நின்றது. கெட்டுவிட்டதென்று அவர் ஒதுக்கிவைத்திருந்த இரண்டு பேட்டரிகளையும் கொண்டுவரச் சொல்லி நிதானமாகச் சார்ஜ் செய்தேன். ஒன்று சல்பேட் ஏறிக் கெட்டிருந்தது. மற்றொன்று மறுநாள் காலையிலும் 12.6 வோல்ட் காட்டியது. அதைக் கருவிகளுக்கென்று பொருத்திக்கொண்டு, புதியதை என்ஜினுக்கு விட்டுவிட்டார்.