பிராசசர் எங்கே காத்துக் கிடக்கிறது?

கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு லேப்டாப் வாங்கித் தரலாம் என்று கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது, "ஐ3 பார்க்குறீங்களா, ஐ5 பார்க்குறீங்களா?" என்ற கேள்விதான். இவை இன்டெல் நிறுவனத்தின் பிராசசர் வகைகள்; பிராசசர் என்பது கணினியில் கணக்குப் போடும் மையச் சில்லு. அதன்பிறகு பேச்சு முழுக்க பிராசசரைச் சுற்றியே போகும். பாடம், இணையம், வீடியோ, கொஞ்சம் எழுத்து வேலை என்று புழங்கும் வீட்டுக் கணினிக்கு அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. கணினி இழுக்கிறது என்று நாம் அலுத்துக்கொள்ளும் நேரங்களில் பெரும்பாலும் பிராசசர் வேலை செய்து களைத்திருப்பதில்லை. வேண்டிய தகவல் வந்து சேராமல் சும்மா நிற்கிறது.

எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைக் கணக்குப் போட்டால்தான் விஷயம் புரியும். பிராசசரின் வேலை துடிப்பு துடிப்பாக நகர்கிறது; 4 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் நொடிக்கு 400 கோடி முறை துடிக்கிறது. ரேமிலிருந்து, அதாவது திறந்திருக்கும் வேலைகளுக்கான தற்காலிக நினைவகத்திலிருந்து, ஒரு தகவல் வந்து சேர ஏறக்குறைய 80 நானோ நொடி ஆகும். அதற்குள் 320 துடிப்புகள் போய்விடும். கோப்புகளை நிரந்தரமாக வைத்திருக்கும் சேமிப்பகம் சில்லுகளால் ஆன எஸ்.எஸ்.டி. என்றால், நல்ல ஒன்றிலிருந்து வர ஏறக்குறைய 80 மைக்ரோ நொடி, அதாவது 3 லட்சத்து 20 ஆயிரம் துடிப்புகள். சுழலும் வட்டில் தகவலை வைக்கும் பழைய வகைச் சேமிப்பகமான ஹார்ட் டிஸ்க்கில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே ஒரு பொருள் நிஜமாகவே நகர வேண்டும். லேப்டாப்களில் வந்த ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுவது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. படிக்கும் முனை சரியான தடத்துக்குப் போய் நிற்க வேண்டும், பிறகு வேண்டிய இடம் சுழன்று அதன் அடியில் வர வேண்டும். இரண்டும் சேர்த்து 15 மில்லி நொடி என்று வைத்தாலும் 6 கோடி துடிப்புகள் வீண்.

ஆகவே ஹார்ட் டிஸ்க்கால் நொடிக்கு 60, 70 இடங்களைத்தான் தொட முடியும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை வட்டில் அங்கும் இங்குமாகத் தேடிப் படிக்கிறது. ஐ5-ஐ எடுத்துவிட்டு ஐ7 வைத்தாலும் இந்தக் காத்திருப்பு அப்படியேதான் இருக்கும்.

அப்படியானால் எல்லாவற்றையும் ரேமிலேயே வைத்துவிடலாமே? முடியாது. ரேமில் ஒவ்வொரு பிட்டும் (0 அல்லது 1 என்ற தகவல் துளி) ஒரு டிரான்சிஸ்டரும் நுண்ணிய ஒரு மின்தேக்கியும் கொண்ட அறை. ஐ.பி.எம்.மின் ராபர்ட் டென்னார்ட் 1960களில் கண்டுபிடித்த அமைப்பு இது. அந்த மின்தேக்கியில் இருக்கும் மின்னூட்டம் ஓட்டைக் குடத்துத் தண்ணீர்போலக் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் வழக்கமாக 64 மில்லி நொடிக்குள் ஒருமுறை ஒவ்வொரு அறையையும் படித்துத் திரும்ப நிரப்ப வேண்டியிருக்கிறது. மின்சாரம் போனால் எல்லாம் போயிற்று.

எஸ்.எஸ்.டி.யில் இருக்கும் ஃபிளாஷ் நினைவகம் வேறு வகை. தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கியது. சுற்றிலும் மின்கடத்தாப் பொருளால் மூடிய ஒரு சிறு சிறைக்குள் எலெக்ட்ரான்களை அடைத்துவிடுகிறார்கள். மின்சாரம் இல்லாமலும் அவை அங்கேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஆனால் எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சுவர் கொஞ்சம் தேய்கிறது. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 500 ஜிபி எஸ்.எஸ்.டி. பலவற்றுக்கு 300 டெராபைட் (3 லட்சம் ஜிபி) எழுதும்வரை உத்தரவாதம் தருகிறார்கள். தினமும் 20 ஜிபி எழுதினாலும் அதைத் தொட 40 ஆண்டுகள் ஆகும். கவனிக்க வேண்டியது வேறு. ஃபிளாஷில் சிறு சிறு பக்கங்களாக எழுதலாம், ஆனால் பெரிய தொகுதியாகத்தான் அழிக்க முடியும். காலி இடம் குறைந்தால் உள்ளதை நகர்த்தி இடம் ஒதுக்கவே நேரம் போய்விடும். அதனால்தான் விலை குறைந்த லேப்டாப்களில் வரும் 64 ஜிபி இ.எம்.எம்.சி. (மலிவான ஃபிளாஷ் வகை) சேமிப்பை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. விண்டோஸே பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும், போர்டோடு பற்றவைத்திருப்பதால் பிறகு மாற்றவும் வழியில்லை.

ரேம் போதாவிட்டாலும் இதே காத்திருப்புதான், வேறு வாசல் வழியாக. பிரவுசரில் பல பக்கங்கள், ஒரு வீடியோ வகுப்பு, ஒரு பி.டி.எஃப். என்று திறந்துவைத்து ரேம் நிரம்பிவிட்டால், அப்போது தேவைப்படாத பகுதியை விண்டோஸ் சேமிப்பகத்துக்குத் தள்ளிவிடும். நீங்கள் அந்தப் பக்கத்துக்குத் திரும்பியதும் அதை மீண்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். 320 துடிப்பில் முடிய வேண்டிய வேலை லட்சக்கணக்கில் போய்விடுகிறது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது ஓடுவதற்கு; நிம்மதியாகப் புழங்க 8 வேண்டும். நாலைந்து ஆண்டுகள் ஓட வேண்டிய பரிசு என்றால் 16 வாங்குங்கள், அல்லது பிறகு ரேம் சேர்க்கத் தனி ஸ்லாட் இருக்கிறதா என்று பில் போடும் முன் கேளுங்கள். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமும் பற்றவைத்ததுதான்.

இனி பிராசசருக்கு வரலாம். ஐ5 என்ற பெயர் மட்டும் எதையும் சொல்லாது; எந்தத் தலைமுறை என்பதுதான் முக்கியம். 2016-இல் வந்த ஏழாம் தலைமுறை ஐ5-7200யு-வில் இரண்டே கோர்கள் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்). 2022-இன் ஐ3-1215யு-வில் ஆறு. பழையதைச் சரிசெய்து விற்கும் கடைகளில் "ஐ5, நல்ல விலை" என்று காட்டுவது பெரும்பாலும் முதல் வகையைத்தான். அதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இன்டெல் ஏழாம் தலைமுறைச் சில்லுகளில் ஒரு சில தவிர மற்றவை விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பிள்ளை கையில் கொடுக்கும் கணினிக்குப் பாதுகாப்பு அப்டேட் வராமல் போவது சின்ன விஷயமில்லை.

வாங்கக் கிளம்பும் முன் வீட்டில் இருக்கும் கணினியையும் ஒருமுறை பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க் என்பதற்குக் கீழே எச்.டி.டி. (ஹார்ட் டிஸ்க்) என்று இருந்து, கணினி இழுக்கும்போதெல்லாம் அது 100 சதவீதத்தில் நின்றால், பிராசசர் எங்கே காத்துக் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசசரோ அதற்குப் பிறகு வந்ததோ உள்ள கணினி என்றால் எஸ்.எஸ்.டி. ஒன்றை மாட்டி, ரேமை 8 ஜிபியாக ஏற்றிப் பாருங்கள். புதிய கணினி வாங்கும் பணத்தில் சிறு பங்கே செலவாகும்.