20,000 சதுர மீட்டரைத் தாண்டும் கட்டடமா? சுற்றுச்சூழல் அனுமதிக் கோப்பு எங்கே நின்றுபோகிறது

‘எஃப்எஸ்ஐ, அதாவது தளப்பரப்புக் குறியீட்டுக் கணக்கில் சேரும் பரப்பு, 16,500 சதுர மீட்டர்தான், அதனால் நமக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை’ என்பார்கள். அடுக்குமாடித் திட்டங்களில் சிக்கல் பெரும்பாலும் இந்த ஒரு கணக்கில்தான் தொடங்குகிறது. 2006 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை எஃப்எஸ்ஐயைப் பார்ப்பதில்லை. எல்லாத் தளங்களையும் சேர்த்த மொத்தக் கட்டுமானப் பரப்பைத்தான் பார்க்கிறது. அடித்தளமும் சேவைப் பகுதிகளும் அதில் அடக்கம். 16,500-உடன் 4,500 சதுர மீட்டர் அடித்தள வாகன நிறுத்தத்தைக் கூட்டினால் 21,000. வரம்பு 20,000. அனுமதி கட்டாயம்.

ஒரே வளாகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வரம்புக்குள் காட்டுவதும் உதவாது. எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே உள்சாலை, ஒரே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், ஒரே உரிமையாளர் என்றால் மதிப்பீட்டுக் குழு அதை ஒரே திட்டமாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே 15,000 சதுர மீட்டர் நிற்கும் இடத்தில் 8,000 கூட்டினாலும் இதே நிலைதான்.

அனுமதி வரும்வரை நிலத்தைப் பாதுகாக்கும் வேலையைத் தவிர வேறெதுவும் செய்யக்கூடாது. வேலி போடலாம். அடித்தளத்துக்கு மண் தோண்டினால் அது விதிமீறல். திட்ட அனுமதி கையில் இருக்கிறதே என்ற சமாதானம் எடுபடாது. சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) தரும் திட்ட அனுமதி வேறு, இது வேறு.

20,000 முதல் 1,50,000 சதுர மீட்டருக்குள் இருப்பவை அந்த அறிவிக்கையின் 8(அ) பிரிவு. அதற்கு மேலோ, 50 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட நிலத்திலோ வருபவை 8(ஆ) பிரிவு. முதல் பிரிவுக்கு முழு தாக்க மதிப்பீட்டு அறிக்கை கேட்பதில்லை. இரண்டாவதற்கு எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று சொல்லும் ஆய்வு வரம்புகளைப் பெற்று, மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்துக்குக் காற்று, நீர், மண், ஒலி ஆகியவற்றை அளந்து அறிக்கை தர வேண்டும். இரண்டுக்குமே பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் இல்லை. விண்ணப்பம் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் போகும். மாநில வல்லுநர் மதிப்பீட்டுக் குழு ஆராய்ந்து பரிந்துரைக்கும், மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் முடிவெடுக்கும். குழுவுக்கு 60 நாள், ஆணையத்துக்கு 45 நாள், ஆக 105 நாள் என்பது விதி. ஆனால் அந்த நாட்கள் ஓடத் தொடங்குவது விண்ணப்பம் முழுமையாக இருந்தால் மட்டுமே. கூடுதல் விவரம் கேட்டுக் கோப்பு திரும்பினால் மாதங்கள் போய்விடும்.

அப்படித் திருப்பி அனுப்ப வைப்பதில் முதலிடம் தண்ணீர்க் கணக்குக்கு. 300 வீடுகள், வீட்டுக்கு 5 பேர், ஆக 1,500 பேர் என்று வைத்துக்கொள்வோம். தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். அதில் 90 லிட்டர் நன்னீர், 45 லிட்டர் கழிப்பறைக்கு. நன்னீர்த் தேவை 135 கிலோலிட்டர், கழிப்பறைக்கு 67.5 கிலோலிட்டர். நன்னீரில் 80 விழுக்காடும் கழிப்பறை நீர் முழுவதும் கழிவுநீராகும் என்றால் நாளுக்கு 175.5 கிலோலிட்டர். இதற்கு 200 முதல் 210 கிலோலிட்டர் திறனுள்ள நிலையம் வேண்டும். சுத்திகரிப்பில் 5 விழுக்காடு இழப்பு போனால் கையில் சுமார் 166.7 கிலோலிட்டர். கழிப்பறைக்கு 67.5 போக, 2,000 சதுர மீட்டர் தோட்டத்துக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதம் 10 போக, 89 கிலோலிட்டர் மிஞ்சும்.

அந்த 89 எங்கே போகிறது? குழு விடாமல் கேட்கும் கேள்வி இது, கேட்பதும் முழு நியாயம். 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் தினமும் ஏழெட்டு நடை. மழைநாளில் தோட்டத்துக்கும் தேவைப்படாது, மிச்சம் இன்னும் கூடும். கணக்கைச் சரிக்கட்டத் தோட்டத்துக்கு 60 கிலோலிட்டர் என்று எழுதும் அறிக்கைகள் உண்டு. பசுமைப் பரப்போடு வகுத்துப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் பொய் வெளிப்படும். பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தால், எத்தனை கிலோலிட்டர் ஏற்றுக்கொள்வார்கள் என்ற அளவோடு எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்குங்கள். ‘இணைப்பு பரிசீலிக்கப்படும்’ என்ற கடிதம் போதாது. நன்னீருக்கும் அப்படியே. இணைப்பு இல்லாத இடத்தில் எஞ்சும் நீருக்கு வழி காட்டாமல் மேலே போகவே முடியாது. மழைநீர் வடிகாலில் விடுகிறோம் என்று எழுதிவிடாதீர்கள். வடிகால் கடைசியில் ஏதோ ஓர் ஏரியில்தான் போய்ச் சேரும்.

மழைநீரும் இதே தீவிரத்தோடு பார்க்க வேண்டியது. 10,000 சதுர மீட்டர் மனையில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 கன மீட்டர் நீர். வெறும் நிலமாக இருந்தபோது 30 விழுக்காடு வழிந்தோடியது என்றால் 150. கட்டிய பிறகு 80 விழுக்காடு என்றால் 400. கூடுதலாக வரும் 250 கன மீட்டரை மனைக்குள்ளேயே தேக்க வேண்டும், இல்லையேல் பக்கத்துத் தெரு தாங்க வேண்டும். களிமண் நிலத்தில் உறிஞ்சுகுழிகளின் எண்ணிக்கையை மட்டும் காட்டிப் பயனில்லை. நீர் கீழிறங்கும் வேகத்தை அளந்து தர வேண்டும். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் இடத்தில் தேக்கத் தொட்டிதான் வழி.

நிலம் வாங்கும் முன்பே புலப்பட (வருவாய்த் துறையின் நில அளவை வரைபடம்) நகலை எடுத்து, வாய்க்காலோ ஓடையோ உள்ளே ஓடுகிறதா என்று பாருங்கள். களத்தில் தூர்ந்திருந்தாலும் ஆவணத்தில் அது உயிரோடு இருக்கும். வெள்ள நீர் தேங்குவது குறித்து நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று சொல்லும் தரைமட்ட உயரம், உங்கள் வரைபடத்தில் அப்படியே இருக்க வேண்டும். சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதுபோன்ற நீர்நிலைகளின் அருகே என்றால் எல்லையிலிருந்து தூரத்தை அளந்து காட்டுவது முதல் வேலையாகட்டும்.

அடுத்தது ஆவணங்களுக்கு இடையிலான முரண். கட்டடக் கலைஞரின் வரைபடத்தில் 312 வீடு, தண்ணீர்க் கணக்கில் 300, போக்குவரத்து ஆய்வில் 290. ஒவ்வொருவரும் ஒவ்வொரு பழைய வரைபடத்தை வைத்து வேலை செய்தால் இப்படித்தான் ஆகும். வரைபடத்தை ஒரு தேதியில் உறைய வைத்துவிட்டு, அதன் பிறகே மற்ற அறிக்கைகளைத் தொடங்குங்கள்.

அனுமதி வந்த 7 நாளுக்குள் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் வர வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனைகளை நிறைவேற்றிய அறிக்கை தர வேண்டும். பின்னாளில் விரிவாக்கம் கேட்கும்போது இந்த அறிக்கைகளைத்தான் முதலில் தோண்டுவார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் நிறுவுவதற்கான இசைவும் இயக்குவதற்கான இசைவும் தனித்தனியே பெற வேண்டும்.

குடியிருப்போர் சங்கத்திடம் வளாகத்தை ஒப்படைக்கும்போது அனுமதி ஆணையின் நகல், சுத்திகரிப்பு நிலையத்தின் வரைபடம், இயக்கும் முறை, மாத மின்செலவு, எஞ்சும் நீரை வெளியேற்றும் ஒப்பந்தம் ஆகியவற்றைக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். வீடு வாங்குபவர்கள் இவற்றை முன்பணம் கட்டும் முன்பே கேட்டு வாங்கிப் படிக்கலாம். அனுமதி ஆணை பரிவேஷ் தளத்தில் எவரும் பார்க்கக்கூடிய பொது ஆவணம்.