முதலை வாயும் இரண்டு கோடுகளும்

3, 5 இரண்டுக்கும் நடுவே எந்தக் குறியைப் போடுவது? < ஆ, > ஆ? பெரியவர்களே ஒரு நொடி தயங்குவார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் கோப்பை கோப்பைதான் என்று பழகிய மூளை நம்முடையது. குறிகளிடம் வந்ததும் அந்தப் பழக்கமே காலை வாரிவிடுகிறது. < என்பதும் > என்பதும் கண்ணாடிப் பிம்பங்கள், பொருளோ நேரெதிர்.

இதற்கு வகுப்பறையில் சொல்லித்தரும் உத்தி, பசித்த முதலை. பெரிய எண்ணைத்தான் அது தின்னும், அதனால் வாய் எப்போதும் அந்தப் பக்கமே திறந்திருக்கும். வெறும் கோடு மனதில் ஒட்டாது, வாயைப் பிளக்கும் முதலை ஒட்டிக்கொள்ளும். தெரிந்த ஒன்றோடு புதியதை முடிச்சுப் போட்டுவிட்டால், ஒன்றை இழுக்கும்போது மற்றதும் கூடவே வரும்.

முதலையிடம் எனக்கு ஒரு குறை உண்டு. = குறியைப் பற்றி அது வாயே திறக்காது.

அந்தக் குறியை 1557-இல் அச்சில் கொண்டுவந்தவர் வேல்ஸ்காரரான ராபர்ட் ரெக்கார்ட். ‘சமம்’ என்று திரும்பத் திரும்ப எழுதும் அலுப்பைத் தவிர்க்க, ஒரே நீளத்தில் இரண்டு இணைகோடுகளைப் போட்டார். இவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். சரி, இப்போது அந்தக் கோடுகளின் இடது முனைகளை மட்டும் சேர்த்துப் பிடியுங்கள். < வந்துவிட்டது! இடைவெளி ஒடுங்கிய பக்கம் சிறியது, அகன்ற பக்கம் பெரியது. வலது முனைகளைச் சேர்த்தால் >. மூன்று குறிக்கும் ஒரே படம் போதும். (< > இரண்டும் தாமஸ் ஹாரியட்டின் நூலில் 1631-இல், அவர் இறந்து பத்து ஆண்டு கழித்து அச்சேறின. அவர் இப்படி யோசித்துத்தான் வரைந்தார் என்று நான் சொல்லவரவில்லை.)

இந்தப் படம் இன்னொரு சிக்கலையும் தீர்க்கும். 8 + 4 = □ + 5 என்று கொடுத்தால் பல குழந்தைகள் கட்டத்தில் 12 என்று எழுதிவிடுவார்கள். அவர்களுக்கு = என்றால் ‘விடையை எழுது’ என்ற கட்டளை. இரண்டு முனையிலும் இடைவெளி ஒன்றுதான் என்று பார்த்துப் பழகியவர் இரு பக்கத்தையும் ஒப்பிடுவார். 7 வரும்.

மற்ற குறிகளுக்கு இவ்வளவு பாடு இல்லை. × என்பது சாய்ந்து நிற்கும் கூட்டல் குறி. பெருக்கலும் திரும்பத் திரும்பக் கூட்டுவதுதானே. ÷ குறியில் மேல்புள்ளியைத் தொகுதியாகவும் கீழ்ப்புள்ளியைப் பகுதியாகவும் பாருங்கள், ஒரு பின்னம் தெரியும்.

அப்புறம், படத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. தாளை மூடிவிட்டு, நினைவிலிருந்து குறியை வரைந்து, பிறகு திறந்து சரிபாருங்கள். சில நாளில் கோடுகளைச் சேர்த்துப் பார்க்கும் வேலையே இருக்காது. 3-ஐ எழுதியதும் கை தானாக < போட்டுவிடும்.